எந்த நாடாவிலிருந்து வந்தது இந்தத் தட்டு?

ஜாஸ் இசையில் மிக அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்று மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. 1959 ஆகஸ்டில் கொலம்பியா நிறுவனம் அதை வெளியிட்டது. நடுவிலுள்ள லேபிளில் ஆறு கண் வடிவங்கள் அச்சான அந்த முதல் பதிப்புக்கு இன்றும் சேகரிப்பாளர்களிடையே பெரும் போட்டி. ஆனால் அந்தத் தட்டில் ஒரு பிழை இருக்கிறது. முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் வேகம் கூடி, சுருதி சற்று ஏறி ஒலிக்கும்.

நடந்தது இதுதான். 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கின் 30ஆவது தெரு ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு நடந்தபோது, முதன்மை டேப் ரெக்கார்டர் கொஞ்சம் மெதுவாகச் சுழன்றது. அப்படிப் பதிவான நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் இசை விரையத்தானே செய்யும்? அந்தப் பிழை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பதிப்புக்குப் பதிப்பு தொடர்ந்தது. நல்லவேளையாக, பாதுகாப்புக்காக இன்னொரு ரெக்கார்டரும் அன்று கூடவே ஓடியது. அதன் வேகம் சரியாக இருந்தது. 1992இல் வந்த குறுந்தகட்டு மறுவெளியீடு அந்த இரண்டாம் நாடாவிலிருந்து எடுக்கப்பட்டது. பின்னர் வினைலிலும் திருத்திய வேகம் வந்தது. அதைக் கேட்க மைல்ஸ் இல்லை; 1991லேயே காலமாகிவிட்டார்.

முதல் பதிப்புதான் உசத்தி, மறுவெளியீடு இரண்டாந்தரம் என்ற எண்ணம் சேகரிப்பாளர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதில் நியாயமும் உண்டு. முதல் பதிப்பு வெட்டப்படும்போது நாடா புதிது. காலம் போகப்போக நாடா தேயும், மங்கும், சில சமயம் அழிந்தே போகும். 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் பிடித்த தீயில் ஏராளமான மூல நாடாக்கள் கருகின.

தட்டு உருவாகும் விதத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கும். நாடாவிலுள்ள ஒலியை, லாக்கர் பூசிய அலுமினியத் தட்டில் பள்ளமாக வெட்டுகிறார்கள். அதன்மேல் உலோகத்தைப் படியவைத்து அச்சு எடுக்கிறார்கள். இரண்டு அச்சுகளுக்கு நடுவே சூடான வினைலை வைத்து அழுத்தினால் தட்டு தயார். நல்ல மறுவெளியீட்டுக்குப் பெரும்பாலும் புதிதாக வெட்ட வேண்டியிருக்கிறது. கேள்வியே அங்கேதான்: எதிலிருந்து வெட்டினார்கள்? மூல நாடாவா, அதன் நகலா, நகலின் நகலா, அல்லது கடையில் வாங்கிய குறுந்தகடா? நாடாவை நகலெடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடி நுணுக்கம் குறைகிறது.

இதற்கு விடை தேடித்தான் சேகரிப்பாளர்கள் தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பார்க்கிறார்கள். லேபிளைச் சுற்றி இசை இல்லாத வழுவழுப்பான வளையம் ஒன்று உண்டு. ‘ப்ளூ நோட்’ நிறுவனத்தின் பழைய தட்டுகளில் அங்கே ‘ஆர்விஜி’ என்ற எழுத்துகள் தெரியும். ஒலிப்பதிவு செய்த ரூடி வான் கெல்டரே வெட்டவும் செய்தார் என்பதற்கு அதுவே அடையாளம். பக்கத்தில் காது மாதிரி ஒரு சின்னக் குறி இருந்தால், 1966க்குள் பிளாஸ்டிலைட் ஆலையில் அழுத்திய தட்டு அது. விலை அந்தக் குறியில் எகிறிவிடும்.

அதே ப்ளூ நோட் 2019இல் ‘டோன் பொயட்’ வரிசையைத் தொடங்கியது. ஜோ ஹார்லி மேற்பார்வையிட, கெவின் கிரே மூல நாடாக்களிலிருந்து நேரடியாக வெட்டுகிறார். அந்தக் காலத்து மலிவான பிளேயர்களில் ஊசி துள்ளக்கூடாது என்பதற்காக வான் கெல்டர் கீழ்ஸ்தாயி ஒலியைக் குறைத்து வெட்ட வேண்டியிருந்தது. இன்று அந்தக் கட்டாயம் இல்லை. நாடாவில் இருக்கும் டபுள் பேஸின் அடர்த்தி முழுசாகத் தட்டுக்கு வருகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1962 முடிய வெளியான ஒலிப்பதிவுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் உரிமைக்காலம் முடிந்துவிட்டது. அங்கே யார் வேண்டுமானாலும் அவற்றைத் தட்டாக்கி விற்கலாம். ஆனால் மூல நாடா அவர்கள் கைக்குக் கிடைக்காது. இப்படி வரும் தட்டுகளில் பல, குறுந்தகட்டிலிருந்து எடுத்தவையே. உறையில் ‘180 கிராம்’ என்று பெரிதாக ஒட்டியிருப்பார்கள். அது தட்டின் எடை. ஒலியின் தரத்துக்கு அது உத்தரவாதம் ஆகாது.

எதிலிருந்து வெட்டினார்கள் என்று பேர்பெற்ற நிறுவனங்களிடமும் கேட்டே தீர வேண்டும். அமெரிக்காவின் ‘மொபைல் ஃபிடெலிட்டி’ மூல நாடாவிலிருந்து வெட்டுவதாகச் சொல்லி உயர்ந்த விலைக்கு விற்றுவந்தது. அவற்றில் பலவற்றுக்கு இடையில் டிஜிட்டல் நகல் ஒன்று இருந்தது என்பது 2022இல்தான் வெளியே தெரிந்தது. வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். டிஜிட்டல் படி வந்ததால் அந்தத் தட்டுகள் மோசமாகிவிடவில்லை. பலரும் அவற்றை ரசித்துக் கேட்டவர்கள்தான். சொல்லாமல் மறைத்ததுதான் தவறு. இப்போது அந்நிறுவனம் நாடாவிலிருந்து தட்டுவரை உள்ள படிகளை அச்சிட்டே விற்கிறது.

எல்லா நிறுவனங்களும் இதைச் செய்ய வேண்டும். எந்த நாடா, வெட்டியவர் யார், எந்த ஆண்டு என்ற மூன்று விவரங்களுக்கு உறையின் பின்பக்கத்தில் தாராளமாக இடம் இருக்கிறது. மறுவெளியீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் உறையைத் திருப்பி அவற்றைத் தேடுங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால், காசைக் கொடுப்பதற்கு முன் இன்னொரு பதிப்பைப் பாருங்கள்.