சுவருக்குள் எட்டுக் கம்பிகள்

வீட்டுக்குத் தண்ணீர் குழாய் வழியாக வருகிறது. மின்சாரம் கம்பி வழியாக வருகிறது. இன்டர்நெட் எப்படி வருகிறது? அதுவும் பல வீடுகளுக்குக் கேபிள் வழியாகத்தான் வருகிறது.

ஐதராபாத் நகரை எடுத்துக்கொள்வோம். அங்கே 2017 மார்ச்சில் ஆக்ட் ஃபைபர்நெட் நிறுவனம் வீடுகளுக்கு நொடிக்கு 1000 மெகாபிட் வேகம் தரத் தொடங்கியது. எடையைக் கிலோவில் சொல்கிறோம் அல்லவா? அதுபோல இன்டர்நெட் வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறோம். பிறகு 2020இல் கொரோனா வந்தது. அலுவலக வேலையும் பிள்ளைகளின் பாடமும் வீட்டுக்கே வந்தன. வேகம் எல்லாருக்கும் தேவைப்பட்டது.

ஆனால் சில வீடுகளில் ஒரு குறை உண்டு. வாசல் வரை 1000 வருகிறது. உள் அறையில் 100 கூட வருவதில்லை. மாதக் கட்டணமோ முழுதாகக் கட்டுகிறோம். மீதி வேகம் எங்கே போனது? பல நேரம் அதற்கு விடை சுவர்ப் பெட்டிக்குள் இருக்கும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

அறைக்கு அறை போகும் கேபிளை ஈதர்நெட் கேபிள் என்கிறார்கள். அதன் மேல் உறையை நீக்கிப் பாருங்கள். உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள் இருக்கும். அவை இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு, நான்கு ஜோடிகளாக இருக்கும். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நான்கு நிறங்கள். ஒவ்வொரு நிறக் கம்பிக்கும் வெள்ளை கலந்த ஒரு துணைக் கம்பி உண்டு.

100 மெகாபிட் வேகத்துக்கு நான்கு கம்பிகள் போதும். ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் அந்த வேலையைச் செய்துவிடும். 1000 மெகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி சரியாக உட்காராவிட்டால், பெரும்பாலும் வேகம் 100க்கு இறங்கிவிடும். இன்டர்நெட் நிற்காது. அதனால் குறை இருப்பதே நமக்குத் தெரியாது.

சிகந்தராபாத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வயர்மேன் வந்து பார்க்கிறார்.

"தம்பி, இன்டர்நெட் வருதே. பிறகு ஏன் வேகம் இல்லை?"

"அக்கா, இந்த டெஸ்டரைப் பாருங்க. ஒன்றிலிருந்து எட்டு வரை விளக்கு எரியணும். ஏழோடு நின்னுபோச்சு. எட்டாவது பழுப்புக் கம்பி."

"ஒரு கம்பிக்கா இவ்வளவு?"

"ஆமாம் அக்கா. அழுத்தி உட்கார வைத்தால் சரியாகிவிடும்."

பொருள் வாங்கும்போது

சிகந்தராபாத்தில் சினாய் டிரேட் சென்டர் என்ற கணினிச் சந்தை இருக்கிறது. நம் ஊரிலும் இப்படிக் கடைகள் உண்டு. எங்கே வாங்கினாலும் இவற்றைக் கவனியுங்கள்.

கேபிள் சுத்தமான செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளும் விற்கிறார்கள். அதன் விலை குறைவு. ஆனால் அது எளிதில் ஒடியும். ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் செம்பு. வெள்ளையாக இருந்தால் வாங்க வேண்டாம்.

கேபிளின் மேல் கேட் 5இ அல்லது கேட் 6 என்று அச்சிட்டிருக்கும். வீட்டுக்கு இரண்டும் போதும். 100 மீட்டர் தூரம் வரை 1000 மெகாபிட் வேகத்தை இரண்டுமே தாங்கும். சுவர் சாக்கெட்டையும் அதே வகையில் வாங்குங்கள். கேட் 6 கேபிளுக்குக் கேட் 6 சாக்கெட்.

பொருத்தும்போது

சாக்கெட்டில் நிறங்கள் அச்சிட்டிருக்கும். அதில் ஏ, பி என்று இரண்டு வரிசைகள் காணப்படும். எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே வரிசை இருக்க வேண்டும்.

முறுக்கை அதிகம் பிரிக்கக் கூடாது. அரை அங்குலத்துக்கு மேல் பிரித்தால் சமிக்ஞை கெடும். ஒவ்வொரு கம்பியையும் பஞ்சிங் டூல் கொண்டு அழுத்த வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் சாக்கெட்டின் பல் வளைந்துவிடும்.

மின்சாரக் கம்பியும் இந்தக் கேபிளும் ஒரே குழாயில் போகக் கூடாது. ஒரே பெட்டியிலும் சேரக் கூடாது. மின்சாரக் கம்பியில் 230 வோல்ட் ஓடுகிறது. அதன் உறை கிழிந்தால் கணினி கெடும். தொட்டவர் உயிரும் போகலாம். புது வீடு கட்டுவோர் இதற்குத் தனிக் குழாய் பதிக்கச் சொல்லுங்கள். வாடகை வீட்டில் சுவரை உடைக்க வேண்டாம். சுவரின் மேல் பிளாஸ்டிக் கேசிங் ஓட்டலாம். ஈரம் ஊறும் சுவரில் பெட்டி வைக்காதீர்கள். அங்கே கம்பியில் களிம்பு ஏறும்.

கோளாறு வந்தால்

முதலில் கோளாறு வெளியிலா, உள்ளேயா என்று பாருங்கள். 2025 ஆகஸ்டில் ஐதராபாத் ராமந்தபூரில் கிருஷ்ண ஜெயந்தி ஊர்வலத்தின்போது மின்சாரம் பாய்ந்து 5 பேர் இறந்தனர். அதன்பின் மின்கம்பங்களில் தொங்கிய கேபிள்களை மின் துறையினர் அறுத்து அகற்றினர். பல வீடுகளில் இன்டர்நெட் நின்றது. இப்படிப்பட்ட நேரத்தில் வீட்டுப் பெட்டியைக் கழற்றிப் பயனில்லை.

வரிசையாக இப்படிச் செய்யுங்கள்.

1. கம்பெனி வைத்த பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா? எரிந்தால் கோளாறு பெரும்பாலும் வெளியில். கம்பெனிக்குச் சொல்லுங்கள். நீங்கள் கம்பத்தில் ஏற வேண்டாம். கழன்ற ஃபைபர் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் வேண்டாம். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

2. கணினியை நேராக ரூட்டரில் செருகி வேகம் பாருங்கள். அங்கே வேகம் இருந்தால் கோளாறு வீட்டுக் கேபிள் வழியில்தான்.

3. சுவரிலிருந்து கணினிக்குப் போகும் சிறு கேபிளை மாற்றிப் பாருங்கள். பல நேரம் குறை இதில்தான் இருக்கும்.

4. பிறகு டெஸ்டரை வையுங்கள். ஒரு விளக்கு எரியாவிட்டால் அந்தக் கம்பி உட்காரவில்லை. வரிசை மாறி எரிந்தால் நிறம் மாறியிருக்கிறது.

5. சுவர் பிளேட்டைக் கழற்றி அந்தக் கம்பியை மீண்டும் பொருத்துங்கள். மறு முனையையும் பாருங்கள்.

6. இரு முனையும் சரி, ஆனாலும் விளக்கு எரியவில்லை என்றால், கேபிள் நடுவில் ஒடிந்திருக்கலாம். அப்போது கேபிளையே மாற்ற வேண்டும்.

வயர்மேனுக்குக் கூலி கொடுக்கும் முன் டெஸ்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எட்டு விளக்கும் வரிசையாக எரிய வேண்டும். வேகத்தையும் அங்கேயே அளந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். தன் வேலையைக் காட்ட அவருக்கும் பெருமைதான்.

பதில் சொல்லுங்கள்

1. 1000 மெகாபிட் வேகத்துக்கு எத்தனை கம்பிகள் வேண்டும்?
2. செம்புக் கம்பியை எப்படி அடையாளம் காண்பீர்கள்?
3. உங்கள் வீட்டில் மின்சாரக் கம்பியும் இன்டர்நெட் கேபிளும் தனித்தனியாகப் போகின்றனவா? வயர்மேனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.