கல்லூரி மாறும் முன் அலைடு தாளைப் பாருங்கள்

ஜூன், ஜூலை மாதங்களில் தருமபுரி மாவட்டத்து அரசுக் கலைக் கல்லூரிகளின் அலுவலக வாசலில் இரண்டு வகை மாணவர்கள் நிற்கிறார்கள். முதலாண்டில் சேர வந்தவர்கள் ஒரு வகை. முதலாண்டை முடித்துவிட்டு, வேறு கல்லூரிக்குப் போக முடியுமா என்று கேட்க வந்தவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினருக்கு விண்ணப்பிக்க இணையதளம் இருக்கிறது, உதவி மையம் இருக்கிறது, தரவரிசைப் பட்டியலும் கலந்தாய்வுத் தேதியும் இருக்கின்றன. இரண்டாம் வகையினருக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. பிரின்சிபால் அறைக்கும் சூப்பரின்டெண்ட் மேசைக்கும் நடுவே வாய்ச்சொல்லாகக் கிடைப்பதை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி: 68.54 சதவீதம். மாவட்டம் பிறந்த 1965க்குப் பிறகு நெடுங்காலம் நகரத்து அரசுக் கலைக் கல்லூரியே எல்லோருக்கும் போக்கிடம். காரிமங்கலம் மகளிர் கல்லூரி, அரூர், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, ஏரியூர் கல்லூரிகள் எல்லாம் பின்னால் வந்தவை. வீட்டில் முதலில் கல்லூரிப் படியேறும் பிள்ளைகள் இங்கே ஏராளம். கலந்தாய்வில் கிடைத்த பாடத்தை, கிடைத்த ஊரில் எடுத்துக்கொள்கிறார்கள். ஓராண்டு கழிவதற்குள் அப்பா அம்மா வேலைக்காக ஓசூருக்கோ பெங்களூருக்கோ குடிபெயர்கிறார்கள். அல்லது சித்தேரி மலையிலிருந்து தினமும் வந்து போவது முடியாமல் போகிறது. அல்லது துறையில் போதுமான ஆசிரியர்கள் இல்லை. மாற நினைப்பதில் தவறே இல்லை. எந்தக் கல்லூரிக்கு மாறுவது என்பதைப் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்தான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். நம்மூரில் கல்லூரி மாறுதல் என்றால், அதே பட்டப்படிப்பை, அதே மேஜரை, மூன்றாம் செமஸ்டரிலிருந்து வேறு கல்லூரியில் தொடர்வது என்று பொருள். பி.ஏ. வரலாறு படித்தவர் பி.ஏ. ஆங்கிலத்துக்கு இரண்டாம் ஆண்டில் மாற முடியாது. அவர் முதலாண்டில் புதிதாகச் சேர வேண்டும். மாறுதலுக்குப் பொதுவாக நான்கு விஷயங்கள் வேண்டும்: போகும் கல்லூரியில் அந்த மேஜரின் இரண்டாம் ஆண்டில் காலியிடம், இரு கல்லூரிகளின் தடையில்லாச் சான்று, கல்லூரிக் கல்வி இயக்ககத்தின் அனுமதி, பல்கலைக்கழகத்தின் ஒப்புதல். ‘ஜேடி ஆபீஸ்’ எனப்படும் மண்டல இணை இயக்குநர் அலுவலகம் தருமபுரியிலேயே இருப்பது இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நல்வாய்ப்பு.

காலியிடம் இருக்கிறதா என்று நேரில் போய்த்தான் கேட்க வேண்டியிருக்கிறது. முதலாண்டுக் காலியிடங்களை இணையத்தில் வெளியிடும் அரசு, இரண்டாம் ஆண்டுக் காலியிடங்களையும் வெளியிட்டால் எத்தனையோ குடும்பங்களுக்கு அலைச்சலும் பஸ் செலவும் மிச்சமாகும். இதற்குப் பெரிய செலவு ஆகாது. செய்ய வேண்டும்.

இனி, யாரும் முன்கூட்டிச் சொல்லாத சிக்கலுக்கு வருவோம். நம் இளநிலைப் படிப்பில் ஐந்து பகுதிகள். முதல் பகுதி தமிழ், இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது மேஜரும் அதற்குத் துணைப்பாடமான அலைடும், நான்காவதும் ஐந்தாவதும் திறன் தாள்கள், சுற்றுச்சூழல் கல்வி, விரிவாக்கப் பணி போன்றவை. மாறுபவர்களின் கண் மேஜரிலேயே இருக்கும். ஆனால் காலை வாருவது அலைடுதான். பி.எஸ்சி. வேதியியல் மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய கல்லூரியில் முதலாண்டு அலைடு இயற்பியல், இரண்டாம் ஆண்டு கணிதம். அவர் போக நினைக்கும் கல்லூரியில் முதலாண்டு கணிதம், இரண்டாம் ஆண்டு இயற்பியல். மாறிவிட்டால் முடித்த இயற்பியலையே மறுபடி படிப்பார். தொடாத கணிதம் அவர் கணக்கில் பாக்கியாக நிற்கும். வகுப்பில் உட்காராமலே அந்தத் தாள்களை எழுதித் தேற வேண்டும், மூன்றாம் ஆண்டு முடிவதற்குள். அலைடு விலங்கியலாக இருக்கும் கல்லூரிக்குப் போனால் சிக்கல் இன்னும் பெரிது.

அதனால் போக நினைக்கும் கல்லூரியின் பாடத்திட்டத்தை ஆறு செமஸ்டருக்கும் வாங்கி, உங்கள் மதிப்பெண் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்து, தாள் தாளாகப் பென்சிலால் குறியுங்கள். ஒரே பெயரில் இருந்தாலும் கிரெடிட் எண்ணிக்கை ஒன்றுதானா என்று பாருங்கள். பொருந்தாத தாள்கள் இரண்டு மூன்று என்றால் சமாளிக்கலாம். ஐந்தாறு என்றால், எவ்வளவு பெயர்பெற்ற கல்லூரியானாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். அரியர் இருந்தால், மாறிய பிறகு அதை எங்கே, எந்தப் பாடத்திட்டத்தில் எழுதுவது என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தன்னாட்சிக் கல்லூரி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 1978இல் சென்னை லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்றவற்றோடு தமிழ்நாட்டில் தன்னாட்சி தொடங்கியது. தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் தாங்களே வகுக்கின்றன. 1857இல் தொடங்கிய சேலம் அரசுக் கலைக் கல்லூரியும் தன்னாட்சிக் கல்லூரிதான். தருமபுரி மாவட்டக் கல்லூரிகளைப் போலவே அதுவும் 1997இல் உருவான பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது, பட்டத்தையும் அந்தப் பல்கலைக்கழகமே தருகிறது. ஆனாலும் பாடத்திட்டம் வேறாக இருக்கலாம். ஒரே பல்கலைக்கழகம்தானே என்று நம்பிப் போய்விடக் கூடாது.

பல்கலைக்கழகமே மாறினால், இடப்பெயர்வுச் சான்றும் இணைத்தன்மைக்கான ஒப்புதலும் சேர்ந்துகொள்ளும். பெங்களூரு நமக்கு சென்னையைவிடப் பக்கம், வேலை வாய்ப்பும் அங்கேதான் என்று பலர் அந்தப் பக்கம் பார்க்கிறார்கள். கர்நாடகம் 2021-22இல் நான்காண்டுப் பட்டப்படிப்புக்குப் போய், 2024-25இல் மூன்றாண்டுக்கே திரும்பியது. அங்கே மொழிப்பாடத்தில் தமிழ் கிடைக்குமா, இங்கே எழுதிய தமிழ்த் தாளை ஏற்பார்களா என்பதை எழுத்தில் வாங்காமல் போகாதீர்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் கொண்டுவந்த கிரெடிட் வங்கி இருக்கிறதே என்று கேட்கலாம். அது உங்கள் கிரெடிட்டுகளைப் பதிந்து வைக்கும், அவ்வளவுதான். காலியிடத்தையும் ஒப்புதலையும் அது தராது. வெளிநாட்டுக் கல்லூரிக்கு மாறலாமா என்றும் சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் கல்லூரி மாறுவது சகஜம், அதற்கெனத் தனி விண்ணப்பமும் கடைசித் தேதியும் உண்டு. அங்குள்ள லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளும் பொதுவாகப் பட்டத்தின் பாதியையாவது தங்களிடமே படிக்கச் சொல்கின்றன. வெளிநாட்டிலிருந்து இடையில் சேர்பவருக்கு உதவித்தொகை கிடைப்பது முதலாண்டு மாணவருக்குக் கிடைப்பதைவிட அரிது. பணம் எங்கிருந்து என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகே அந்தக் கல்லூரிகளைப் பட்டியலில் சேர்க்கலாம்.

உள்ளூரிலும் பணக்கணக்கு முக்கியம். அரசுக் கலைக் கல்லூரியில் கல்விக் கட்டணம் இல்லை. சிறப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும்தான். கட்டணமில்லா பஸ் பாஸும் உண்டு. சுயநிதிக் கல்லூரிக்குப் போனால் இந்த இரண்டும் போய்விடும். பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கான முதல் பட்டதாரி சலுகையைக் கலைக் கல்லூரியிலும் எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிறவர்கள், கல்லூரி மாணவர் விவரங்களுக்கான அரசின் இணையதளமான யுமிஸில் உள்ள தங்கள் பதிவைப் பழைய கல்லூரியிலிருந்து புதிய கல்லூரிக்கு மாற்றும் வேலையைச் சேரும் வாரத்திலேயே முடித்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பணம் நின்றுபோக இடமுண்டு. பெண் பிள்ளைகளுக்கு விடுதி இடம் உறுதியானதா என்பதைப் படிப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன்பாகக்கூடக் கேட்கலாம். விடுதி கிடைக்காமல் வீட்டுக்குத் திரும்பும் பெண்ணுக்கு அடுத்து வரும் பேச்சு கல்யாணப் பேச்சுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாற்றுச் சான்றிதழை, அதாவது டீசியை, அவசரப்பட்டு வாங்காதீர்கள். போகும் கல்லூரியின் தடையில்லாச் சான்று கையில் வந்து, ஒப்புதல் உறுதியான பிறகுதான் டீசி. ‘முதல்ல டீசி வாங்கிட்டு வாப்பா, பாத்துக்கலாம்’ என்ற வாய்ச்சொல்லை நம்பினால், இரண்டு கல்லூரியிலும் பெயரில்லாமல் ஓராண்டு வீணாகலாம். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. தர மறுத்தால் இதைச் சுட்டிக்காட்டி எழுத்தில் கேளுங்கள்.

இத்தனையும் பார்த்துவிட்டு மாறுதல் சரிப்படாது என்று தெரிந்தால், இரண்டு வழிகள் உண்டு. படிப்பின் தன்மையே வேறாக வேண்டும் என்பவர்கள் ஓராண்டை விட்டுக்கொடுத்து முதலாண்டிலேயே புதிதாகச் சேரலாம். பல துறைகளைக் கலந்து படிக்க விரும்புவோருக்கு பெங்களூருவின் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் எட்டும் தொலைவில் இருக்கிறது. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் தருகிறது. மற்றவர்களுக்கு நான் சொல்வது, இருக்கும் இடத்தில் பட்டத்தை நல்ல மதிப்பெண்ணோடு முடித்துவிட்டு முதுகலையில் மாறுங்கள் என்பதுதான். முதுகலையில் தாள் தாளாகப் பொருந்துமா என்ற கவலை இல்லை; அந்தப் படிப்புக்கு உரிய பாடத்தில் பட்டமும், கேட்கும் இடங்களில் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் போதும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கும் க்யூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பட்டப்படிப்பின் ஐந்தாம் செமஸ்டர் நடக்கும்போதே அதற்கான அறிவிப்பைத் தேடத் தொடங்குங்கள். கடைசி செமஸ்டர் தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தால் விண்ணப்பத் தேதி கடந்துவிடும்.