படத்தோடு ஒரு கேள்வியும் அனுப்புங்கள்

குமராட்சிப் பக்கம் வயலில் தண்ணீர் கட்டி உழும்போது டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் இறங்கும். புதிதாகக் கேமரா வாங்கிய யாரும் அந்தக் காட்சியை விட்டுவைப்பதில்லை. எடுத்த படத்தில் சேறு நன்றாகத் தெரியும்; கொக்கு மட்டும் இறகே இல்லாமல், வெள்ளைக் காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் "செம", "அருமை தம்பி", நாலைந்து கைதட்டல். இறகு எங்கே என்று யாரும் கேட்பதில்லை. போட்டவரும் கேட்பதில்லை.

காரணம் எளிது. தனக்கு முன்னால் இருப்பதையெல்லாம் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பது கேமராவின் பழக்கம். படத்தின் பெரும்பகுதி ஈரச் சேறு, கறுப்பு. அதனால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டுகிறது. ஏற்கெனவே வெளுப்பாக இருக்கும் கொக்கு அதில் வெந்துபோகிறது. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்துப் பாருங்கள். கைபேசி என்றால் திரையில் கொக்கைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுக்கலாம். விவரம் தெரிந்தவர் இதை அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஆனால் நீங்கள் எதைக் காட்ட நினைத்தீர்கள், எந்த அமைப்பில் எடுத்தீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

அந்த இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறோம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும்; ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ போன்ற விவரங்களும் உதிர்ந்துவிடும். டாகுமெண்டாக அனுப்பினால் எல்லாம் அப்படியே போய்ச் சேரும். எடுத்த இடமும் சேர்ந்தே போகும் என்பதால், வீட்டில் எடுத்த படத்தையோ பறவைக்கூட்டின் படத்தையோ முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்புமுன் கேமராவில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுப்பது நல்லது. கூடவே ஒரு வரிக் கேள்வி: "கொக்கின் இறகு தெரியவேண்டும் என்று எடுத்தேன், ஏன் வரவில்லை?" "படம் எப்படி?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். அதில் பதில் சொன்னவர் மேல் குற்றமில்லை.

நோக்கம் தெரியாமல் சொல்லும் தீர்ப்பு எங்கே போய் முடியும் என்பதற்குப் பேர்போன கதை ஒன்று உண்டு. ஃபிளிக்கர் தளத்தில், போடும் படங்களை வைத்துக்கொள்ளலாமா நீக்கலாமா என்று வாக்களிக்கும் குழு ஒன்று இருந்தது. 2006-இல் ஒருவர் அதில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டார்: வளைந்து இறங்கும் படிக்கட்டு, கீழே தெருவில் கலங்கலாகப் பறக்கும் சைக்கிள்காரர். ஃபோகஸ் இல்லை, மங்கல், நீக்கு என்று பலர் வாக்களித்தார்கள். அது 1932-இல் பிரான்சின் இயேர் நகரில் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் எடுத்த படம். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியைக் கடைசி நாட்களில் படமெடுத்தவரும் அவரே.

இந்தக் கதையைக் கேட்டு, கை நடுங்கி எடுத்த படத்துக்கெல்லாம் அவரைத் துணைக்கு அழைக்கக் கூடாது. அவர் படத்தில் படிக்கட்டு அசையாமல் நிற்கிறது. அதனால்தான் சைக்கிளின் கலங்கல் வேகமாகத் தெரிகிறது. எல்லாமே கலங்கினால் அது வெறும் கலங்கல். "ஃபோகஸ் இல்லை" என்று ஒருவர் சொன்னால், வேண்டுமென்றே அப்படி எடுத்தேனா என்று முதலில் நம்மைக் கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும்.

கருத்து வேறு, போட்டி முடிவு வேறு. அலெக்சாண்டர் ஹன்டர் 1857-இல் தொடங்கிய சென்னைப் புகைப்படச் சங்கம் இன்றும் இயங்குகிறது. இத்தகைய சங்கங்களின் உலகில் சலோன் என்ற போட்டி முறை உண்டு. எடுத்தவர் பெயரை மறைத்து நடுவர்களிடம் படத்தைக் காட்டுவார்கள். சில நொடிகளில் ஆளுக்கொரு மதிப்பெண் போடுவார்கள். முகம் பார்த்துப் போடும் லைக்கைவிட அது நேர்மையானதுதான். ஆனாலும் மதிப்பெண்ணை வைத்து எதைத் திருத்துவது? அதற்கு ஓர் ஆள் உட்கார்ந்து பேச வேண்டும்.

அந்த ஆள் கேமராக்காரராகவே இருக்க வேண்டும் என்றில்லை. சிதம்பரத்தில் 1981 முதல் சிவராத்திரியையொட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. மேடை விளக்கில் பளிச்சென்று வந்த படத்தைக் கேமரா நண்பர்கள் கொண்டாடுவார்கள். அதே படத்தை நடனம் கற்றவரிடம் காட்டினால் அரைமண்டி சரியாக உட்காரவில்லை, முத்திரை பாதியில் நிற்கிறது என்பார். அடவு முடியாத நொடியில் அழுத்தியிருப்பீர்கள். அடுத்த முறை ஆடுபவரை மட்டும் பார்க்காமல் சொல்லுக்கட்டையும் கேட்டு, தாளம் விழும் இடத்தில் அழுத்தலாம். எந்த லென்ஸ் விமர்சனத்திலும் இந்த யோசனை கிடைக்காது.

வயலிலும் அப்படித்தான். குனிந்திருக்கும் பெண்களை எடுத்து "நாற்று நடவு" என்று எழுதிவிடுகிறோம். அவர்களிடமே காட்டினால் "இது களையெடுப்புங்க தம்பி" என்று சிரிப்பார்கள். முகம் தெரிகிற படத்தை எங்கும் போடுவதற்கு முன் அவர்களைக் கேட்டாக வேண்டும். கேட்கும்போதே தலைப்பும் திருந்திவிடும். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், எத்தனை லைக் விழக்கூடிய படமானாலும் கைபேசியோடு நிற்கட்டும்.