சாயம் எதில் இருக்கிறது? தர்பூசணி விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மாசி பிறந்துவிட்டால் ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையோரங்களில் தர்பூசணிக் குவியல்கள் வந்து இறங்கிவிடும். வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வருகிறவர்கள் ஒரு கீற்று வாங்கித் தின்றுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். இந்த வட்டாரத்தில் விளைநிலம் குறைந்துவிட்டது. ஆனால் வாங்கித் தின்கிற வாய்கள் பெருகிவிட்டன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், விழுப்புரம் மாவட்டங்களில் தர்பூசணி போடுகிற சிறு விவசாயிக்கு இது கைக்கு எட்டிய சந்தை.

அந்தச் சந்தை 2025ஆம் ஆண்டு கோடையில் ஒரே வாரத்தில் படுத்துவிட்டது. மழையால் அல்ல, பூச்சியால் அல்ல. பழத்துக்குள் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சினால்.

நடந்தது என்ன?

அந்த ஆண்டு மார்ச் மாதக் கடைசியில், தர்பூசணியில் சாயம் கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதைச் சென்னையில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் செய்து காட்டினார். அறுத்த பழத்தைக் காகிதத்தால் அல்லது பஞ்சினால் துடைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு ஒட்டினால் கலப்படம் என்று சந்தேகிக்கலாம் என்பது அந்த முறை. அந்தக் காட்சி செல்போன் வழியாக வீடு வீடாகப் போயிற்று. கலப்படத்தைக் கண்டறியும் வழி என்று சொல்லப்பட்டது, எல்லாப் பழத்திலும் கலப்படம் நடக்கிறது என்ற செய்தியாக மாறிவிட்டது.

அறுவடை உச்சத்தில் இருந்த நேரம் அது. வியாபாரிகள் வயல் பக்கம் வரவில்லை. வந்தவர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். பறித்த கூலியும் வண்டி வாடகையும் தேறாது என்று பலர் பழத்தைக் கொடியிலேயே விட்டார்கள். விவசாய சங்கங்கள் நஷ்டஈடு கேட்டுக் குரல் கொடுத்தன. பிறகு அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். ஆனால் தர்பூசணி நெல் அல்ல, மூட்டை கட்டி வைத்து விலை வந்ததும் விற்பதற்கு. விளக்கம் வருவதற்குள் பழம் அழுகிவிட்டது.

ஒரு ஏக்கரில் 10 முதல் 12 டன் எடுக்கிற விவசாயிக்குக் கிலோவுக்கு 5 ரூபாய் குறைந்தாலே 50 ஆயிரம் முதல் 60 ஆயிரம் ரூபாய் போயிற்று. வீரிய ஒட்டு விதை, நிலப்போர்வை, சொட்டு நீர், உரம், மருந்து என்று கடன் வாங்கிப் போட்டவர் இதை எங்கே போய் ஈடுகட்டுவது? ஆகவே இந்த விஷயத்தை நாம் தெளிவாகத் தெரிந்துகொள்வது அவசியம். வாங்க வருகிறவர் கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

பழத்துக்குள் ஊசி போட முடியுமா?

தர்பூசணியின் சிவப்புக்குக் காரணம் லைக்கோபீன் என்ற இயற்கை நிறமி. தக்காளியின் சிவப்பும் இதுவே. இன்று நாம் போடுகிற ஒட்டு ரகங்கள் நல்ல சிவப்புக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவை. சிவப்பான பழத்துக்குச் சாயம் போடவேண்டிய தேவையே இல்லை.

அப்படியே ஒருவர் ஊசி போட்டாலும் சாயம் பழம் முழுவதும் பரவாது. குத்திய இடத்தைச் சுற்றித் திட்டாக நிற்கும். தோலில் துளை விழுந்தால் அதன் வழியே கிருமி புகும். வெயில் காலத்தில் ஓரிரு நாளில் அந்த இடம் புளித்து, அழுகி, நீர் வடியும். லாரி லாரியாக வருகிற பழத்தில் ஒவ்வொன்றாக எடுத்து ஊசி போடுகிற கூலியையும் கணக்குப் பாருங்கள். கிலோ பத்து ரூபாய்ப் பழத்தில் இது கட்டுபடி ஆகாது. ஒருவேளை ஏமாற்றுகிறவர் யாரேனும் இருந்தால், அறுத்து வைத்த கீற்றின் மேலும் பிழிந்த சாற்றிலும்தான் அவர் வேலை நடக்கும். கண்ணெதிரே அறுக்கும் முழுப் பழத்தில் நடக்காது.

அறுத்த பழத்தின் நடுவில் பிளவு இருந்தால் அதையும் ஊசியின் அடையாளம் என்று சிலர் சொல்கிறார்கள். அது உள்வெடிப்பு. மகரந்தச் சேர்க்கை சரியாக அமையாதபோதும், காய் பெருக்கும் பருவத்தில் காயவிட்டுத் திடீரென்று நிறையத் தண்ணீர் கட்டும்போதும் உள்சதை பிளந்துகொள்ளும். வெள்ளை நரம்பு ஓடுவதும் இயற்கையே.

துடைத்துப் பார்க்கும் சோதனை

பஞ்சுச் சோதனையில் ஒரு சங்கடம் இருக்கிறது. நன்றாகப் பழுத்து, சாறு நிறைந்த பழத்தை அழுத்தித் துடைத்தால், நல்ல பழமாக இருந்தாலும் இளஞ்சிவப்பு ஒட்டத்தான் செய்யும். நிறமியைத் தாங்கிய நுண்ணிய சதைத் துகள்கள் சாற்றோடு வந்து ஒட்டுகின்றன. இதைச் சாயம் என்று எண்ணிவிடக் கூடாது.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. லைக்கோபீன் தண்ணீரில் கரையாது. கலப்படத்துக்குச் சொல்லப்படும் எரித்ரோசின் போன்ற சாயங்கள் தண்ணீரில் கரைந்துவிடும். எனவே கொஞ்சம் சதையைப் பிழிந்து, சாற்றைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, குளிர்ந்த இடத்தில் சில மணி நேரம் அசையாமல் வைக்கவும். இயற்கைப் பழமாக இருந்தால் சிவப்புச் சதை தனியாகவும், நிறம் வெளிறிய தண்ணீர் தனியாகவும் பிரியும். சாயம் இருந்தால் தண்ணீர்ப் பகுதியும் பளிச்சென்று சிவப்பாகவே நிற்கும்.

இது வீட்டளவில் பார்க்கும் சோதனைதான். முடிவு சொல்ல வேண்டியது ஆய்வுக்கூடம். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40ஆவது பிரிவின்படி, பொருளை வாங்கியவர் எவரும் உரிய கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்து அறிக்கை பெறலாம்.

அப்படியானால் சாயம் எதில் இருக்கிறது?

மக்களின் பயம் வீண் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. சாயம் இருக்கத்தான் செய்கிறது. அது இருக்கிற இடம் வேறு.

2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும், அதைத் தொடர்ந்து தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. சோதித்த மிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் இருந்தது. துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றுகிற சாயம் அது. உணவில் எந்த அளவிலும் சேர்க்க அனுமதி இல்லை. அடுத்த மாதம் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடுத்தது.

நம் நாட்டில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டே எட்டு. அவற்றையும் ஐஸ்கிரீம், பிஸ்கட், இனிப்பு, ஜெல்லி, பழ சர்பத் போன்ற குறிப்பிட்ட பண்டங்களில் மட்டுமே சேர்க்கலாம். பொதுவாகக் கிலோவுக்கு 100 மில்லி கிராமுக்கு மேல் போகக் கூடாது. மிளகாய்த் தூளிலும் மஞ்சள் தூளிலும் செயற்கை நிறம் சேர்ப்பது குற்றம். புதிய காய், பழங்களுக்கு நிறம் பூசி விற்பதற்கும் 2011ஆம் ஆண்டு விதிகளில் தடை உண்டு.

அனுமதித்த நிறங்களைப் பற்றியும் உலகில் கேள்வி எழுந்திருக்கிறது. இங்கிலாந்தில் 2007இல் வெளியான ஓர் ஆய்வு, சில செயற்கை நிறங்களின் கலவை குழந்தைகளின் துறுதுறுப்பை அதிகமாக்குவதாகக் கண்டது. அதன்பின் ஐரோப்பிய நாடுகளில் ஆறு நிறங்களுக்கு, குழந்தைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையைச் சீட்டில் அச்சிட வேண்டும் என்று 2010இல் விதி வந்தது. நம் பட்டியலில் இருக்கும் எரித்ரோசினை உணவிலிருந்து நீக்க அமெரிக்கா 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. இவையெல்லாம் தொழிற்சாலையிலும் கடையிலும் தயாராகும் பண்டங்களைப் பற்றிய கவலை. வயலில் பறித்த பழத்தைப் பற்றியது அல்ல.

நாமும் தவறு செய்யக் கூடாது

சந்தேகம் ஒருமுறை பிடித்துவிட்டால் நல்ல சரக்கும் அதில் மாட்டிக்கொள்ளும். 2003இல் இந்திய மிளகாய்த் தூளில் சூடான் என்ற தொழிற்சாலைச் சாயத்தைப் பிரான்சு நாட்டில் கண்டுபிடித்தார்கள். உடனே ஐரோப்பிய நாடுகள் சோதனைச் சான்று இல்லாமல் மிளகாய்த் தூளை உள்ளே விடுவதில்லை என்றன. 2005இல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். சாயம் கலந்தவர்கள் சிலர். சோதனையும் சந்தேகமும் எல்லார் மிளகாயின் மேலும் விழுந்தன.

நல்ல உதாரணமும் இருக்கிறது. வங்கதேசத்தில் மஞ்சள் கிழங்கை மெருகேற்றும்போது பளபளப்புக்காக ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைத் தூவி வந்தார்கள். 2019இல் ஆய்வாளர்கள் இதை வெளிப்படுத்தினார்கள். அரசு சந்தைகளில் சோதனை நடத்தியது, அபராதம் விதித்தது, வியாபாரிகளுக்கு எடுத்துச் சொன்னது. 2019இல் சோதித்த சந்தை மஞ்சளில் 47 சதவீதத்தில் இருந்த அந்தக் கலப்படம் 2021இல் இல்லாமலே போயிற்று.

ஆகவே வெல்லம் காய்ச்சுகிறவர்கள் வெளுப்புக்காக ஹைட்ரோஸ் போடுவதையும், நிறத்துக்காகச் சாயம் சேர்ப்பதையும் விட்டுவிட வேண்டும். மஞ்சளுக்கு மெருகேற்றும்போது நிறம் வேண்டுமானால் மஞ்சள் தூளையே பயன்படுத்தலாம். மாம்பழத்தைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்கக் கூடாது. அது தடை செய்யப்பட்டது. வியாபாரி நிறம் கேட்கிறார் என்பது சமாதானம் ஆகாது.

தர்பூசணி போடுகிறவர்கள் கவனிக்க

1. முதிராத காயைப் பறித்து அனுப்புவதே பாதிச் சந்தேகத்துக்குக் காரணம். வெளிறிய பழத்தைத் தின்றவர் அடுத்த முறை சிவப்பான பழத்தைக் கண்டால் சந்தேகப்படுவார். காயை ஒட்டிய பற்றுக்கம்பி காய்ந்து, தரையில் படிந்த பகுதி வெள்ளையிலிருந்து மஞ்சளாக மாறி, தட்டினால் மந்தமான ஓசை வரும்போது பறிக்கவும். இது ரகத்துக்கு ஏற்ப விதைத்த 60 முதல் 75 நாளில் வரும்.

2. உள்வெடிப்பைக் குறைக்கத் தண்ணீரை ஒரே சீராகக் கொடுக்கவும். அறுவடைக்குச் சில நாள் முன்பு தண்ணீரைக் குறைத்தால் இனிப்பு கூடும். பூக்கும் பருவத்தில் காலை நேரத்தில் மருந்து அடிக்க வேண்டாம். தேனீ வந்தால்தான் காய் சீராகப் பிடிக்கும்.

3. விதை வாங்கிய ரசீது, பறித்த தேதி, அனுப்பிய எடை, வியாபாரியின் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்தவும். சாகுபடிப் பரப்பைக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் தவறாமல் பதிந்துகொள்ளவும். கையில் காகிதம் இல்லாமல் நஷ்டஈடு கேட்டால் பேச்சு நிற்காது.

4. ஒரே நாளில் வயல் முழுவதும் விதைக்காமல், பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று பகுதியாக விதைக்கலாம். விலை விழுந்தாலும் எல்லாப் பழமும் ஒன்றாக மாட்டிக்கொள்ளாது.

5. சாலையோரம் நேரடியாக விற்கிறவர்கள் முழுப் பழத்தை வாங்குகிறவர் எதிரிலேயே அறுத்துக் கொடுக்கவும். அறுத்த கீற்றைத் திறந்து வைக்க வேண்டாம். ஒரு டம்ளர் சாற்றைப் பிழிந்து மேசையில் வைத்து, சதை பிரிந்து தண்ணீர் வெளிறி நிற்பதைக் காட்டலாம். சந்தேகத்தோடு வந்தவர் கண்ணால் கண்டால் நம்புவார்.

சட்டத்தில் ஒரு விவரத்தையும் நினைவில் வைக்கவும். விவசாயி தன் வயலில் விளைவித்த பொருள், வயல் மட்டத்தில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று அதன் 18ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அதே பொருளைத் தூளாக்கியோ, சாறு பிழிந்தோ, அடைத்தோ விற்கத் தொடங்கினால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

மார்கழியிலும் தையிலும் விதை ஊன்றுகிறவர்கள் இப்போதே பக்கத்து விவசாயிகளோடு கூடிப் பேசி, சோதித்துக் காட்டும் முறையை எல்லாரும் கற்றுக்கொள்ளுங்கள். தோட்டக்கலைத் துறை அலுவலரையும் ஒரு நாள் வயலுக்கு அழைத்து, பழத்தை அறுத்துக் காட்டுங்கள். அறுவடைக்கு முன்பே இதைச் செய்துவிட்டால், மறுபடி ஒரு பேச்சு கிளம்பினாலும் பதில் சொல்ல ஊரில் ஆள் இருக்கும்.