பாட்டன் ஊரைப் பார்க்கப் போகிறீர்களா?



"சாவதற்குள் ஒரு தடவை ஊரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும்" என்ற பேச்சு நம் தோட்டத்து வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு. தோட்டத்தை விட்டுப் பட்டணத்தில் குடியேறியவர்களுக்கும் அந்த ஆசை விட்டுப்போகவில்லை.

ஒரு காலத்தில் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினால் தமிழ்நாட்டுக் கரையைப் பார்க்கச் சுமார் ஒரு வாரம் பிடித்தது. பின்னால் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. அதோடு கப்பல் பயணக் காலமும் முடிந்தது. இப்போது கோலாலம்பூரில் விமானம் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் சென்னையிலோ திருச்சியிலோ இறங்கிவிடலாம்.

பயணம் சுலபமாகிவிட்டதே என்று பலர் யோசிக்காமல் புறப்பட்டுவிடுகிறார்கள். பத்து நாள் சுற்றிவிட்டு வந்து, இரண்டு வருடம் வட்டி கட்டுகிறவர்களும் உண்டு. ஊர் வரை போயும் பாட்டன் பிறந்த கிராமத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பியவர்களும் உண்டு. கடன் இல்லாமல் போய்வர வேண்டும், போன காரியமும் நிறைவேற வேண்டும் என்றால், ஒரு வருடத்துக்கு முன்பே ஏற்பாடுகளைத் தொடங்குங்கள்.

முதல் வேலை: முகவரி

தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938-இல் தடை செய்தது. நம்மில் பலருடைய முன்னோர் அதற்கு முன்பே இங்கு வந்தவர்கள். ஊர்ப் பெயர் இன்று வீட்டிலிருக்கும் முதியவர் ஒருவரின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கலாம். ஆகவே அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கிராமத்தின் பெயர் மட்டும் போதாது. புதூர், புதுப்பட்டி என்ற பெயரில் எத்தனையோ ஊர்கள் உண்டு. பக்கத்து டவுன் எது, சந்தை எங்கே கூடியது, குலதெய்வம் எது, பாட்டனின் தகப்பனார் பெயர் என்ன, கூடப் பிறந்தவர்கள் யார் யார் என்று எல்லாவற்றையும் கேளுங்கள்.

பழைய கடிதங்கள் இருந்தால் தேடி எடுங்கள். ஆனால் அவற்றில் உள்ள ஜில்லாப் பெயர் இன்று பொருந்தாமல் இருக்கலாம். சேலம் ஜில்லாவிலிருந்த நாமக்கல் 1997 முதல் தனி மாவட்டம். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் 1991-இல் பிரிந்தது. தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் 1993-இல் பிரிந்தது. திருவண்ணாமலை 1989 முதல் தனி மாவட்டம். மதராஸ் பட்டணம் 1996 முதல் சென்னை. இதைத் தெரிந்துகொண்டு தேடினால் பாதி அலைச்சல் குறையும்.

இரண்டாவது: பத்திரங்கள்

பிள்ளைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் தனிக் கடப்பிதழ் வேண்டும். இந்தியாவுக்குப் போய்ச் சேரும் நாளிலிருந்து அது இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். டிக்கெட்டிலும் விசாவிலும் உள்ள பெயர், கடப்பிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் அடையாளக் கார்டில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருப்பது நம் மக்களிடையே சகஜம். அதை முதலிலேயே தேசியப் பதிவு இலாகாவில் சரிசெய்துகொள்ளுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருப்பவர் இந்நாட்டின் நிரந்தரவாசி, குடிமகன் அல்லர். ஆகவே அவருக்கு மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. ஊரைப் பார்க்க அதிகம் ஏங்குகிற பாட்டியே சில வீடுகளில் அந்த நிலையில் இருக்கிறார். எந்தப் பத்திரத்தோடு போகலாம், திரும்பி நுழைய என்ன அனுமதி வேண்டும் என்பதைக் குடிநுழைவு இலாகாவில் நேரில் விசாரியுங்கள். பதில் கிடைத்த பிறகே டிக்கெட் வாங்குங்கள்.

இந்திய விசாவுக்கு அரசாங்கத்தின் சொந்த இணையத்தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதே போலத் தோற்றமளித்து அதிகப் பணம் பறிக்கும் தளங்களும் உண்டு. தெரிந்த பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மூன்றாவது: பணம்

டிக்கெட் விலையை மட்டும் செலவு என்று நினைக்காதீர்கள். கடப்பிதழ், விசா, தங்குமிடம், வண்டி வாடகை, சாப்பாடு, உறவினருக்குக் கொடுப்பது, கோயில் காணிக்கை எல்லாம் உண்டு. தவிர, நாள் சம்பளக்காரருக்கு வேலைக்குப் போகாத நாளும் செலவுதான். வேலைச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 16 நாள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. இரண்டு முதல் ஐந்து வருடம் வரை 12 நாள். அதற்கும் குறைவென்றால் 8 நாள். அதற்கு ஏற்பப் பயண நாள்களை அமைத்துக்கொண்டால் நஷ்டம் குறையும்.

மாதம் 300 வெள்ளி ஒதுக்கினால் பதினெட்டு மாதத்தில் 5,400 வெள்ளி சேரும். அதைத் தேசிய சேமிப்பு வங்கியில் தனிக் கணக்கில் போடுங்கள். கூட்டுப் பிடித்துச் சேர்க்க வேண்டாம். கூட்டு நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நடத்துகிறவர் ஓடிப்போனால் பணம் திரும்பாது. ஆலோங் பக்கம் போகவே வேண்டாம். சேர்ந்த பணம் எல்லாருக்கும் போதாவிட்டால், இந்தத் தடவை முதியவரும் துணைக்கு ஒருவரும் மட்டும் போய்வரட்டும். மற்றவர்கள் அடுத்த தடவை போகலாம்.

யாரோ கொடுத்த பழைய இந்திய நோட்டுகள் அலமாரியில் இருந்தால் அவற்றை நம்பாதீர்கள். பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் 2016 நவம்பரில் செல்லாதவை ஆகிவிட்டன. 2000 ரூபாய் நோட்டை 2023 மே மாதத்தில் புழக்கத்திலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள், கடையில் வாங்கமாட்டார்கள்.

எப்போது போவது? எதைக் கொண்டுபோவது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை, புயலும் வரும். ஏப்ரல், மே மாத வெயிலை நம் முதியவர்கள் தாங்கமாட்டார்கள். ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். ஆனால் பொங்கல் சமயத்தில் பஸ்ஸிலும் ரயிலிலும் இடம் கிடைப்பது கஷ்டம். ரயிலுக்கு 60 நாளுக்கு முன்பே பதிவு தொடங்கிவிடும். பிள்ளைகளை அழைத்துப்போனால் பள்ளி விடுமுறையைப் பார்த்து நாள் குறியுங்கள்; படிப்பைக் கெடுத்துவிட வேண்டாம்.

இனிப்புநீர், இரத்த அழுத்த மருந்துகளைப் போகிற நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து வாங்கி, மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டால், பெட்டி வரத் தாமதமானால் மருந்தும் வராது. அங்கே கொதிக்கவைத்த தண்ணீரையோ மூடி பிரிக்காத பாட்டில் தண்ணீரையோ குடியுங்கள். நம் பிளக் அங்குள்ள வட்டத் துளைகளில் நுழையாது. மாற்றுப் பிளக் ஒன்று வேண்டும். இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

நகையைக் குறைத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர் கொடுக்கும் பொட்டலத்தைப் போகும்போதும் வரும்போதும் வாங்காதீர்கள். உள்ளே போதைப்பொருள் இருந்தால் பிடிபடுவது நீங்கள்தான். பாட்டன் நிலத்து மாங்கன்று, விதை என்று ஆசைப்பட்டு அனுமதியில்லாமல் எடுத்து வரவும் கூடாது.

இவற்றில் பலவற்றுக்குப் பணமும் நாளும் வேண்டும். முதல் வேலைக்கு மட்டும் இரண்டும் வேண்டியதில்லை. ஆகவே இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு பாட்டியிடம் போய் உட்காருங்கள். நீங்கள் எப்போது புறப்பட்டாலும் அந்த நோட்டு உங்களுக்கு வழி சொல்லும்.