சுடுகாட்டு மல்லியை வளருங்கள், குடிக்காதீர்கள்!

லயத்து வாசலிலும் கோயில் சுவரோரத்திலும் வருடம் முழுவதும் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் பூத்து நிற்கும் ஐந்திதழ்ப் பூவை நீங்கள் அறிவீர்கள். அதுதான் நித்தியகல்யாணி. இடுகாட்டில் தானே முளைத்துக் கிடப்பதால் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வோம். மலாய்க்காரர்கள் கெமுந்திங் சீனா என்பார்கள்.

லிங்கியில் எங்கள் பள்ளி மாணவன் ஒருவன் போன மாதம் பை நிறைய இதன் இலையைப் பறித்துக்கொண்டு போனான். "எதற்கடா?" என்றேன்.

"தாத்தாவுக்கு இனிப்புநீர், சார். கஷாயம் குடிக்கிறாங்க. கிளினிக் மாத்திரைய நிறுத்திட்டாங்க" என்றான்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஜமைக்கா நாட்டிலும் இனிப்புநீருக்கு இந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். 1952இல் அந்த இலை கனடாவுக்குப் போயிற்று. ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் அதன் சாற்றை எலிகளுக்குப் புகட்டினார், சர்க்கரை இறங்கவில்லை. ஊசியாகப் போட்டார்; எலிகள் செத்தன! இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்து கிருமி தொற்றியதே காரணம். அப்படியானால், வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமே என்ற எண்ணம் பிறந்தது. 1958இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்த செய்தி வெளியானது; 1963இல் வின்கிரிஸ்டின் மருந்தாக வெளிவந்தது. இன்றும் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளைக் காப்பாற்றும் மருந்துகளில் வின்கிரிஸ்டின் ஒன்று. தமிழ்நாட்டில் திருநெல்வேலிப் பக்கம் இச்செடியை வயலிலேயே பயிரிடுகிறார்கள்.

ஆனால் மருத்துவமனையில் டாக்டர் இரத்தத்தைச் சோதித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து இரத்தநாளத்தில் ஏற்றுகிறார். நம் வீட்டுச் சட்டியில் எத்தனை இலைக்கு எவ்வளவு சத்து இறங்கும் என்று யாரால் அளக்க முடியும்? ஆடு மாடுகூட வாய் வைக்காத செடி இது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தொட்டுச் சுவைக்கவே கூடாது. இனிப்புநீர் மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் கண்ணும் காலும் சிறுநீரகமும் கெடும்.

செடியை வெட்டி எறியச் சொல்லவில்லை. விதை தூவினாலும் குச்சி நட்டாலும் பிடித்துக்கொள்ளும். வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். வாசலுக்கு அழகாகப் பூக்கட்டும்.

வீட்டில் யாராவது இதைக் குடித்து வந்தால், அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்தத் தாத்தாவும் அப்படித்தான் சொன்னார். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். பேரன் பூவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறான்.