நகைப் பவுன் போட்டா போதாது. லண்டன் பவுண்டும் காட்டணும்!
பிரெஞ்சு பாஸ்போர்ட் மாப்பிள்ளைகளுக்கு வந்த தலைவலி

அரியாங்குப்பம்:

புதுச்சேரி டவுனை விட்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அரியாங்குப்பம். கடலூர் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது வெறும் ஒரு ஸ்டாப்பிங். ஆனால் 2 ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரிச் சரக்கு வந்து இறங்கிய அரிக்கமேடு இங்கேதான் இருக்கிறது. அப்போது கடல் தாண்ட விசா கிடையாது. இப்போது கட்டின பெண்டாட்டியை அழைத்துக்கொள்ளவே சம்பளச் சீட்டு கேட்கிறார்கள்!

விஷயம் இதுதான். புதுவையை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16-ல் அமலுக்கு வந்தது. அடுத்த 6 மாதத்துக்குள் "நாங்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கிறோம்" என்று எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளை, பேரன்களிடம் இன்றும் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது. கல்யாணச் சந்தையில் அந்தப் புத்தகத்துக்குத் தனி மவுசு. "மாப்பிள்ளை பிரெஞ்சு" என்றால் ஜாதகத்தைக்கூட அப்புறம்தான் பார்ப்பார்கள்.

இதை வைத்துக்கொண்டு பாரீசோடு நிற்காமல் லண்டனுக்குப் போனவர்களும் உண்டு. இங்கிலாந்து ஐரோப்பிய யூனியனில் இருந்தவரை தடை இல்லை. பெண்டாட்டியை அழைக்க வருமான வரம்பும் இல்லை.

ஒரு மார்கழி செய்த வேலை

2020 டிசம்பர் 31 ராத்திரியோடு அந்தக் கதவு சாத்தப்பட்டது. அதற்குள் அங்கே குடியேறி, தாலியும் கட்டியிருந்தால் பழைய சலுகை உண்டு. கார்த்திகையில் தாலி கட்டியவர் தப்பித்தார். "மார்கழி ஆகாது, தையில வச்சிக்கலாம்" என்று தள்ளிப்போட்டவர் மாட்டிக்கொண்டார். நிச்சயதார்த்தம் மட்டும் ஆகியிருந்தால் செல்லாது. அதுவும் கொரோனா வருஷம்; கல்யாணத்தைத் தள்ளிப்போடாதவர் யார்?

மாட்டிக்கொண்டவர் எவ்வளவு சம்பாதிக்க வேண்டும்? 2012 ஜூலையில் இந்த விதி வந்தபோது வருஷத்துக்கு 18,600 பவுண்டு. 2024 ஏப்ரல் 11 முதல் 29,000. நம் பணத்தில் 30 லட்சத்துக்கு மேல்! 38,700 வரை ஏற்றப்போவதாகப் பழைய அரசு சொல்லியிருந்தது. 2024-ல் வந்த புது அரசு அதை நிறுத்தி வைத்தது.

லண்டன் கடையிலோ, குடோனிலோ குறைந்தபட்சக் கூலிக்கு நிற்கிறவர் கணக்கைப் பாருங்கள். 2025 ஏப்ரல் நிலவரப்படி மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ். வாரம் 40 மணி, 52 வாரமும் லீவு போடாமல் உழைத்தாலும் 25,400-ஐ எட்டாது. மிச்சத்துக்கு ஓவர்டைம் பார்க்கணும், இல்லாவிட்டால் இரண்டாவது வேலை.

பெண் இங்கே பேங்கிலேயே வேலை பார்த்தாலும் அந்தச் சம்பளம் கணக்கில் வராது. "நான் பாத்துக்கறேன்" என்று மாமனார் எழுதிக் கொடுத்தாலும் பொதுவாக எடுபடாது. சம்பளமே இல்லையென்றால் 88,500 பவுண்டு சேமிப்பு காட்டு, அதுவும் 6 மாதம் கையில் இருந்திருக்கணும் என்கிறார்கள். 50 பவுன் நகை போட்டு அனுப்பத் தயாராக இருக்கிற அப்பாவுக்கு இந்தப் பவுண்டுக் கணக்கு புரியவே ஒரு வாரம் ஆகும்!

கோர்ட்டுக்கும் போய்ப் பார்த்தார்கள். 2017 பிப்ரவரியில் இங்கிலாந்து சுப்ரீம் கோர்ட்டு, பிள்ளைகளின் நலனைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று குட்டு வைத்தது. ஆனால் வருமான வரம்பு வைப்பதே தப்பு என்று சொல்லவில்லை. வரம்பு நின்றது.

பாரீஸ் மாப்பிள்ளை என்றால்?

வேடிக்கை என்னவென்றால், அதே பாஸ்போர்ட்காரர் பிரான்சிலேயே இருந்தால் பெண்டாட்டி விசாவுக்குச் சம்பள வரம்பு கிடையாது. இந்திய பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்ப்பவர் கதைதான் வேறே. பொதுவாக அவர் 18 மாதம் அங்கே இருந்திருக்கணும். கடைசி 12 மாதச் சராசரி வருமானம் அந்த நாட்டுக் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக்கூடாது, வீடும் போதுமானதாக இருக்கணும்.

பிரெஞ்சு மாப்பிள்ளைக்குக் கெடுபிடி காகிதத்தில் வருகிறது. கல்யாணத்துக்கு முன்பே கான்சலேட்டில் திருமணத் தகுதிச் சான்று வாங்க வேண்டும். தாலி கட்டியபின் கல்யாணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அப்புறம்தான் விசா. மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, பந்தியும் முடிந்தபின் மரீன் தெருவில் போய் முதல் சான்றுக்கு நின்றால் பதிவு இழுத்துக்கொண்டே போகும். அதுவரை பெண் அம்மா வீட்டில்தான்.